உப்புப் போடும் வரைக்கும் காய்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம், பஞ்சர் கடைக்கும் இளநீர்க் கடைக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட ஒரு பர்கர் கடை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்குப் போய் விசாரித்தால் அந்த இடத்தில் நிற்கிற பெட்ரோல் பங்கைக் கை காட்டுவார்கள். கடையை நடத்தியவள் அமுதவள்ளி. முப்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, அளந்து பேசுகிற வாய். லாரிக்காரர்கள் ஆரம்பத்தில் அவளைக் கேலி பண்ணிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். “ஏக்கா, பன்னுக்கு நடுவுல வடைய வச்சுக் குடுத்துட்டு அதுக்கு வெளிநாட்டுப் பேரு வேறயா?” என்பார்கள். அடுத்த லோடு ஏற்றிப் போகும்போது அவர்களே வண்டியை ஓரங்கட்டி, ஆளுக்கு இரண்டு கேட்பார்கள்.

அந்த ‘வடை’யை அவள் லேசில் கற்றுக்கொள்ளவில்லை. சென்னையில் கடலைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒன்பது வருஷம் சமையலுக்கு இருந்தாள். வீடு மாறவில்லை, குடிதான் மாறியது. முதலில் கொரியாக்காரர்கள், பிறகு மெக்சிகோக்காரர்கள், கடைசியாக லெபனானிலிருந்து ஒரு குடும்பம். ஒருவரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் கண்ணால் திருடினாள். முதல் குடும்பத்தில் அவள் பெயர் ‘அமு’, இரண்டாவதில் ‘வள்ளி’, மூன்றாவதில் வெறும் கைதட்டல். என்றைக்காவது தன் பெயரில் ஒரு சமையலறை வேண்டும் என்ற வெறி அந்தக் கைதட்டலில்தான் அவளுக்குள் ஏறியது.

அவளைக் கட்டியவன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அம்மா சோலையம்மாள் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கண்மாய்க் கரையிலிருந்து உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் விழுந்தாள். பார்க்க வேறு நாதி கிடையாது. அமுதவள்ளி மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்சுழிப் பக்கத்துத் தன் ஊருக்குத் திரும்பினாள். ஊருக்கு என்றால் ஊருக்குள் இல்லை. ஊருக்குக் கிழக்கே, காலனிக்கு.

பந்தல்குடியில் கடை போட்டதும் திருடிய வித்தையெல்லாம் வெளியே வந்தது. தட்டைப்பயறை அரைத்துப் பச்சை மிளகாய் போட்டுத் தட்டினால் மெக்சிகோ பர்கர். கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் சேர்ந்தால் லெபனான். முட்டைக்கோஸை மிளகாய்த்தூளில் புளிக்க வைத்து நடுவில் திணித்தால் கொரியா. கோடை பிறந்ததும் சாலட் ஆரம்பித்தாள். சீமைக்கருவேலம் தவிர எல்லாம் வாடிப்போகிற அந்தச் சித்திரை வெயிலில், வெள்ளரிப் பிஞ்சும் பச்சை மாங்காயும் சின்ன வெங்காயமும் நறுக்கி, வறுத்த நிலக்கடலையை நுணுக்கித் தூவி, எலுமிச்சை பிழிந்து ஒரு கிண்ணம் தருவாள். லெபனான்காரி கோதுமை ரவையில் செய்ததை இவள் குதிரைவாலியில் செய்வாள். உப்பை மட்டும், ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் போடுவாள். முன்கூட்டியே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். உப்புப் போட்டுக் கையால் ஒரு புரட்டுப் புரட்டித் தட்டில் வைத்தால் சாப்பிடுகிறவன் அடுத்த வார்த்தை பேசமாட்டான்.

ரோட்டில் போகிறவர்கள் யாரும் அவள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. சொந்த ஊர்க்காரர்களோ பஸ்ஸை விட்டு இறங்கி, கடையைப் பார்த்து, “வெயிலுக்கு வயித்துக்குச் சேராது” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் எண்ணெய்ப் பரோட்டா தின்னப் போனார்கள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. மூன்றாவது வருஷம் மாசியில் இடத்துக்காரர் வந்து பெட்ரோல் பங்கு வரப்போகிற செய்தியைச் சொன்னார். வைகாசிக்குள் காலி பண்ண வேண்டும். ரோட்டோரத்தில் வேறு இடம் கேட்டுப் பார்த்தாள். அங்கேதான் கேட்டார்கள், எந்த ஊர், எந்தத் தெரு என்று. கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசித்து முடித்தவர் ஒருவரும் இல்லை. அம்மாவைப் படுக்கையில் போட்டுவிட்டுச் சென்னைக்கும் போக முடியாது. அந்த நேரத்தில்தான் தங்கபாண்டி வந்து சேர்ந்தான்.

தங்கபாண்டி அவள் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளை. பத்தாவதிலிருந்து ஹாஸ்டல், பிறகு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு அவளைத் தெரியாது, அவளுக்கு அவனை நன்றாகத் தெரியும். காரை நிறுத்தி இரண்டு லெபனான் பர்கரும் ஒரு கிண்ணம் சாலட்டும் வாங்கியவன், சாப்பிடச் சாப்பிட ஆடிப்போய்விட்டான்.

“அக்கா, பெங்களூர்ல கூட நான் இப்படிச் சாப்பிட்டதில்லக்கா. வர்ற சித்திரையில ஊர்ல புது வீட்டுக்குப் பால் காச்சுறோம். முந்நூறு பேரு வருவாக. இலைச் சாப்பாடு எல்லாரும் போடுறதுதான். நீங்க வந்து சாலட்டும் பர்கரும் போட்டுக் குடுக்கணும்.”

அவள் தயங்கினாள். அவன் விடவில்லை.

“அருப்புக்கோட்டையில லேடீஸ் காலேஜ் செக்ரட்டரி வெள்ளத்துரை அண்ணன் வாராரு. கேண்டீனுக்கு ஆளு தேடிக்கிட்டு இருக்காரு. ஆயிரத்தி எரநூறு பொம்பளப் பிள்ளைக. அவரு ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்க்கா, கேண்டீன் ஒங்களுக்குத்தான்.”

கேண்டீன் என்றால் சுவர் வைத்த சமையலறை, குழாயில் தண்ணீர், வாசலில் அவள் பெயர் எழுதின பலகை. ஆனாலும் மறைத்து வாங்கிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

“நானும் ஒங்க ஊருதாங்க. கெழக்க. சோலையம்மா மக. ஒங்க புஞ்சையிலதான் எங்கம்மா காலம்பூரா காய் பறிச்சது” என்றாள்.

அவன் வாயிலிருந்த கவளம் ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு விழுங்கிவிட்டுச் சிரித்தான். “அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா?” என்றான். நாலு நிமிஷத்தில் மூன்று தடவை சொன்ன ‘அக்கா’ அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

இரண்டு நாள் கழித்து, தன் அம்மாவை வந்து பார்க்கும்படி போன் பண்ணினான். பெரிய வீட்டின் பின்வாசலில் போய் நின்றாள். அவன் அம்மா சந்தனம்மாள் வெளியே வந்தாள். திட்டுகிற பொம்பிளை இல்லை அவள். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும், அந்தத் தேனில்தான் ஆளை முக்குவாள்.

“சோலையம்மா மகளா நீ? நல்லா வளந்துட்டியேடி. ஒங்கம்மா கையால எத்தன மூட கத்திரிக்கா, வெள்ளரிக்கா இந்த வாசல்ல எறங்கியிருக்கு! நாங்க ஏதும் சொல்லியிருக்கோமா? காய்க்கு என்னடி இருக்கு? யாரு பறிச்சாலும் காய்தான், யாரு நறுக்குனாலும் காய்தான். உப்புப் போட்டாத்தான அது சாப்பாடு.”

அந்த வீட்டின் சட்டம் அது. பல தலைமுறையாக ஓடி வருகிற சட்டம். காலனி ஆள் கொண்டுவந்த காயும் தானியமும் வீட்டுக்குள் போகலாம். உப்பும் தண்ணீரும் நெருப்பும் அவர்கள் கையால் பட்டுவிட்டால் அது போகாது. முந்நூறு பேருக்குக் காய் நறுக்கத் தெம்பான ஆள் வேண்டும், ருசிக்கு அவள் மூளை வேண்டும், கடைசிக் கை மட்டும் வேண்டாம். வெட்டுகிற வேலை அமுதவள்ளிக்கு. உப்புப் போடவும் அடுப்பில் நிற்கவும் காரியாபட்டியிலிருந்து முகேஷ் என்ற பரோட்டா மாஸ்டர் வருவான். அவனுக்கு எல்லாவற்றையும் அவளே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

தங்கபாண்டி அவளைத் தெரு வரை கொண்டுவந்து விட்டான். “அம்மா பழைய காலத்து ஆளு, தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளத்துரை அண்ணன் சாப்பிட்டு முடிச்சதும், இது பூரா நீங்க பண்ணதுன்னு நானே சொல்லிருறேன். இது என் பொறுப்பு” என்றான்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஒத்துக்கொண்டாள். படுக்கையில் கிடந்த சோலையம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சந்தனம்மா வீட்டு விசேசத்துல ஒன் கையி வேலையா? நான் பின்வாசலத் தாண்டுனதில்லடி” என்றாள். மகளும் பின்வாசலைத் தாண்டப் போவதில்லை என்பதை அமுதவள்ளி அம்மாவிடம் சொல்லவில்லை.

காரியாபட்டிக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய் முகேஷுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது வருஷம் ஓடி ஓடித் திருடியதை மூன்று நாளில் தட்டில் வைத்து நீட்டினாள். அவன் எல்லாவற்றையும் போனில் வீடியோ பிடித்துக்கொண்டான். நல்ல பையன்தான். வார்த்தைக்கு வார்த்தை ‘அக்கா’ என்றான், டீ வாங்கிக் கொடுத்தான். இந்த உலகத்தில் பாதிக் கேடு நல்ல பையன்களால்தான் நடக்கிறது. “உப்பு மட்டும் கடைசியில, ஆளு தட்ட நீட்டினப்பறம் போடணும் தம்பி” என்று மூன்று நாளும் சொன்னாள். “சரிக்கா, சரிக்கா” என்றான்.

விசேஷத்தன்று விடியற்காலையிலேயே புது வீட்டின் கொல்லைக்கு வந்துவிட்டாள். ஆட்டுக் கொட்டகையை ஒட்டித் தார்ப்பாய் விரித்து, அரிவாள்மனையோடு உட்கார்ந்தாள். வெள்ளரி ஒரு பக்கம் மலையாகக் குவிந்தது, மாங்காய் ஒரு பக்கம். நறுக்க நறுக்க முகேஷின் ஆட்கள் வந்து கூடை கூடையாக அள்ளிப் போனார்கள். பத்து மணிக்கு முகேஷ் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு முன்பந்தலில் நின்றான். அவனுக்குப் பின்னால் ‘குளோபல் சாலட் அண்டு பர்கர்’ என்று பேனர் தொங்கியது.

பதினோரு மணிக்கெல்லாம் தொப்பி கொல்லைக்கு ஓடி வந்தது. முகேஷின் முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, கெட்டுச்சுக்கா. கூட்டம் வந்துட்டா முடியாதேன்னு எல்லாத்துக்கும் முன்கூட்டியே உப்பப் போட்டுப் பெசஞ்சு வச்சுட்டேன். அண்டா நெறையாத் தண்ணியா நிக்கிது. செக்ரட்டரி கார் பந்தல்குடி தாண்டிருச்சாம்.”

பரோட்டா மாவில் முன்கூட்டியே உப்புப் போட்டுப் பிசைந்து பழகியவன். வெள்ளரி மாவில்லை என்பது அவன் கைக்குத் தெரியவில்லை. அந்தக் கைக்குத்தான் அந்த வீடு உப்பை ஒப்படைத்திருந்தது.

மிச்சம் ஒரு சாக்கு வெள்ளரி இருந்தது. அமுதவள்ளி வேறு எதையும் யோசிக்கவில்லை. காய் பறந்தது. மாங்காயைச் சீவினாள், வெங்காயத்தைத் தட்டினாள், கடலையைக் கல்லில் நுணுக்கினாள், ஆறு எலுமிச்சையைப் பிழிந்தாள். கார் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது. “உப்பு எங்க?” என்றாள். முகேஷ் நீட்டினான். அவள் கை தானாகப் போய் அள்ளியது, தூவியது, அடியிலிருந்து மேலாக இரண்டு புரட்டுப் புரட்டியது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். முகேஷ் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்ன செய்துவிட்டோம் என்பது அவன் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளத்துரை மேடைகளில் சமத்துவம் பேசிப் பெயர் வாங்கியவர். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் சின்னக் கீற்று. வெயிலில் வந்த களைப்பில் முதல் கிண்ணத்தை நின்றபடியே காலி பண்ணினார். இரண்டாவதை உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு லெபனான் பர்கரை ஒரு கடி கடித்தார். “தங்கபாண்டி, ஏலே, யாருடா இது? எங்கெருந்துடா பிடிச்ச?” என்றார்.

அமுதவள்ளி வீட்டின் பக்கச் சந்தில், பந்தல் மறைப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தங்கபாண்டி வாயைத் திறந்தான். திறந்தவன் அம்மாவைப் பார்த்தான். சந்தனம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே மகனைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

“நம்ம முகேஷுண்ணே. காரியாபட்டி” என்றான் தங்கபாண்டி.

“அப்படிப் போடு. தம்பி, ஜூன் மாசம் கேண்டீனு ஒனக்குத்தான். மூணாவது கிண்ணம் கொண்டா” என்றார் வெள்ளத்துரை.

முகேஷ் சந்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பார்த்துவிட்டுக் குனிந்து மூன்றாவது கிண்ணத்தை நிரப்பினான்.

அமுதவள்ளி மறைப்பை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தாள். புடவையெல்லாம் வெள்ளரிச் சாறு. பேசிக்கொண்டிருந்த கூட்டம் அவளைப் பார்த்ததும் ஒதுங்கியது.

“அய்யா, அது நான் பண்ணது. நறுக்குனதும் நான்தான், உப்புப் போட்டுப் பெசஞ்சதும் நான்தான். நான் சோலையம்மா மக, காலனி” என்றாள்.

தெரியாமல் சொல்லவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தப் பந்தலில் இருந்த எல்லோரையும்விட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் இதை மறைத்தால் கேண்டீன் போகும், சொன்னாலும் ஒருவேளை போகும். சொன்னால் ஒரு நூல் அளவுக்கு வழி இருந்தது. மூன்றாவது கிண்ணம் கேட்ட வாய் அவ்வளவு சீக்கிரம் மாறாது என்று பாழாய்ப்போன ஒரு நம்பிக்கை.

வெள்ளத்துரையின் வாயில் மூன்றாவது கிண்ணத்தின் முதல் கவளம் இருந்தது. துப்பினால் மேடைப் பேச்செல்லாம் போய்விடும். கஷ்டப்பட்டு விழுங்கினார். “அப்படியாம்மா? ரொம்ப சந்தோஷம்” என்றார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து போய் நாலு தடவை வாய் கொப்பளித்தார். “என்னா வெயிலு, நாக்கு வறண்டு போகுது” என்று யாரும் கேட்காமலேயே சொன்னார்.

அவர் கொப்பளித்த பிறகு பந்தலே எழுந்தது. சிலர் கிண்ணத்தைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்கள். ஒரு கிழவர் மட்டும், “உள்ள போனது போயிருச்சு” என்று மிச்சத்தையும் வழித்துத் தின்றுவிட்டுத்தான் கைகழுவப் போனார். சந்தனம்மாள் அப்போதும் குரலை உயர்த்தவில்லை. “நல்ல நாள்ல இப்பிடிப் பண்ணிட்டியேடி. ஒங்கம்மாவுக்கு இருந்த அறிவு ஒனக்கு இல்லையே” என்றாள். காலையில் பால் காய்ச்சிய அடுப்பை மறுபடி கழுவச் சொன்னாள், ஐயரைத் திரும்பக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னாள். சாலட்டை ஆட்டுக் கொட்டகையில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஆடுகள் துளி விடாமல் தின்றன. அந்த ஆடுகளுக்கு யாரும் தீர்த்தம் தெளிக்கவில்லை. அதில் இரண்டை ஆடியில் அறுத்து அதே பெரிய வீட்டில் குழம்பு வைத்தார்கள்.

தங்கபாண்டி அமுதவள்ளியின் பின்னாலேயே கொல்லைக்கு வந்தான். அவனுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, அது தன் விசேஷம் கெட்ட கலக்கம்.

“ஏங்க இப்பிடிப் பண்ணீங்க? எல்லாரும் போனப்பறம், நேரம் பாத்து அவர்ட்ட மெதுவாச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்களே கெடுத்துக்கிட்டீங்க” என்றான்.

அவள் அரிவாள்மனையைத் தூக்கி எறிந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவள் அதைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். சொந்த அரிவாள்மனை அது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அம்மாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று நினைத்தாள். சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா ஆகாதா? இனி நான் செத்தாக் கூட அவுக வீட்டுலருந்து ஒரு ஆளு வராதேடி” என்றாள். அழுகை அடங்கியதும் மூத்திரச் சட்டி கேட்டாள். அமுதவள்ளி எடுத்து வைத்தாள்.

வைகாசியில் தகரக் கூரையைப் பிரித்தார்கள். ஜூனில் கல்லூரி கேண்டீன் முகேஷுக்குப் போனது. முதல் வாரமே அவன் போன் பண்ணினான். வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தும் பழைய பக்குவம் வரவில்லை, காய் நறுக்கக் கை ஓடவில்லை, கூட மாட இருக்க ஆள் வேண்டும்.

“அக்கா, நான் தயங்கித்தான் கேட்டேன். செக்ரட்டரி அய்யா ஒண்ணுமே சொல்லல. பின்கட்டுல ஒக்காந்து காய் நறுக்கட்டும், அந்தப் பொண்ணு கை சுத்தமான கையின்னாரு” என்றான்.

மானம் உள்ளவள் போவாளா என்று கேட்கிறவர்கள், இடுப்பு உடைந்த ஓர் அம்மாவை ஆறு மாசம் வீட்டில் வைத்திருந்துவிட்டுப் பிறகு கேட்கட்டும். அமுதவள்ளி போனாள். காலை ஏழு மணி பஸ், சாயந்தரம் ஐந்து மணி பஸ். ஆவணிக்குள் ‘முகேஷ் அண்ணா சாலட்’ அந்தக் கல்லூரி முழுக்கப் பிரபலமாகிவிட்டது. பிள்ளைகள் தட்டைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு வெள்ளத்துரை கேண்டீனுக்கு வந்தார். பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்றைக்கு மேடையில் பேசியது ‘எல்லோரும் ஓர் குலம்’. கைகழுவப் பின்கட்டுக்கு வந்தவர் அவளைப் பார்த்து நின்றார். கூட நாலைந்து ஆசிரியைகள் நின்றார்கள்.

“என்னம்மா, நல்லாருக்கியா? அன்னைக்கு நடந்தது எதையும் நான் மனசுல வச்சுக்கல. பாத்தியா, ஒனக்கும் ஒரு வழி பண்ணிட்டேன்ல” என்றார்.

ஆசிரியைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை. பதிலுக்குக் காத்து நின்றார்.

அமுதவள்ளி எழுந்து நின்று ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

“ரொம்ப நன்றிங்கய்யா” என்றாள்.